நிமிடத்துக்கு நான்கு

மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள்தான் வீடுகளில் இருந்தன. அவளோ எண்ணூறு இணைப்புகளுக்கு இடம் விட்டு வைத்திருந்தாள். அப்படியிருந்தும் சனிக்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு, இனி இடமில்லை என்று சர்வர் கதவைச் சாத்தியது.

முதல் முறை அந்தப் பிழைச் செய்தி வந்தபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்தாம் முறைக்குள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடி, மறுபடி திறந்து, எழுந்து ஜன்னல் வரை போய், ஏன் வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்திருந்தாள்.

அலுவலகத்தில் அவளைக் கம்பவுண்டர் என்பார்கள். படுத்துவிட்ட டேட்டாபேஸுக்கு வேளை பார்த்து மருந்து கொடுத்து எழுப்பி உட்கார வைக்கிறவள் என்று யாரோ கேலிக்கு வைத்த பெயர், எட்டு வருடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் காப்பாற்றுவது கணக்கு வழக்கை அல்ல, மூச்சை. குழந்தைகளின் மெத்தைக்கடியில் விரிக்கும் மெல்லிய விரிப்பு ஒன்றை அந்த நிறுவனம் செய்து விற்றது. விரிப்போடு ஒரு சின்னப் பெட்டி வரும். குழந்தை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணி, அந்த ஓர் எண்ணை நிமிடத்துக்கு ஒரு தடவை இங்கே அனுப்பும். எண் குறைந்தால் பெற்றவர்களின் போன் அலறும். அதற்காகப் பெட்டிக்கும் சர்வருக்கும் நடுவே இரவும் பகலும் ஓர் இணைப்பு திறந்தே கிடக்கும். ஒரு பெட்டிக்கு ஓர் இணைப்பு. இணைப்பு கிடைக்காவிட்டால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்; மூச்சு நின்றாலும் யாருக்கும் தெரியாது.

"கம்பவுண்டரே, பதினேழாவது போன் இது" என்று கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது. வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பெண்மணி, எல்லாருக்கும் போனக்கா. "சிவப்பு லைட்டு எரியுதுன்னு ஆளாளுக்குக் கத்துறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"பத்து நிமிஷம்னு சொல்லுங்கக்கா."

"அதைத்தான் அரை மணி நேரமாச் சொல்லிட்டிருக்கேன். என் பத்து நிமிஷத்தை இனிமே யாரும் நம்ப மாட்டாங்க."

அரை நாள் வேலை. ஒரு மணிக்கு மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். லிஃப்ட் இறங்கும் சத்தமும், யாரோ சிரித்த சத்தமும், கீழே வண்டிகள் உறுமிப் போன சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியபின், கூடத்தில் மிஞ்சியது ஏசியின் முனகலும், வெயில் சுட்ட ஜன்னல் திரையிலிருந்து வந்த பழைய தூசி வாடையும், சர்வர் அறைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் காற்றாடிகள் ஓயாமல் இரையும் சத்தமும்தான். பட்டப்பகல். வெளியே தார்ச்சாலை கண்ணைக் கூசவைத்தது. இருந்தும் அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

யார் யார் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தாள். நூற்று எண்பத்தெட்டுப் பெட்டிகள் இரண்டிரண்டு இணைப்பு வைத்திருந்தன. எண்ணூறும் நிரம்பியதால், ஒரு கணம் அறுந்த பெட்டியால்கூடத் திரும்ப நுழைய முடியவில்லை. அப்பாடா என்று இருந்தது. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளில் ஏதோ கோளாறு; பழைய இணைப்பை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறக்கிறது; வாரத்துக்கு ஒரு தடவை யாராவது செய்கிற தப்புதான். கூடுதலாக இருந்த நூற்று எண்பத்தெட்டையும் ஒரே கட்டளையில் துண்டித்தாள். மணி ஒன்று இருபத்தைந்து.

ஒன்று இருபத்தாறுக்கு நூற்று எண்பத்தொன்பது திரும்பி வந்தன.

மறுபடி துண்டித்தாள். மறுபடி வந்தன. சரி, கழுத்தைப் பிடிப்போம் என்று, ஒரு பெட்டிக்கு ஓர் இணைப்புக்கு மேல் கிடையாது என்று விதி போட்டாள். ஐந்து வினாடி ஆகவில்லை, போனக்காவின் மேசையில் மூன்று போன்களும் ஒன்றாக மணியடித்தன. விதி வேலை செய்தது. ஆனால் வெளியே தள்ளப்பட்டவை குழந்தைகளின் இணைப்புகள். அந்த இன்னொன்று ஒவ்வொரு வீட்டிலும் இடத்தை விடாமல் உட்கார்ந்திருந்தது. பதறிப்போய் விதியை எடுத்தாள். உள்ளங்கை வேர்த்து விசைப்பலகை பிசுபிசுத்தது. வேறு வழியில்லாமல் இடத்தை ஆயிரத்து முந்நூறாக உயர்த்தினாள். சிவப்பு விளக்குகள் அணைந்தன. போன்கள் ஓய்ந்தன.

"கில்லாடிதான் நீ" என்றாள் போனக்கா.

கில்லாடி அதற்குள் திரைக்குத் திரும்பியிருந்தாள். அந்த இரண்டாவது இணைப்பு என்னதான் எழுதுகிறது என்று அப்போதுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தாள். முதல் இணைப்பு எழுதியிருந்தது: முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்து மூன்று. தூங்கும் கைக்குழந்தை. இரண்டாவது எழுதியிருந்தது: நான்கு. நான்கு. நான்கு. நான்கு.

அடுத்த பெட்டி. நான்கு, நான்கு, நான்கு. அதற்கடுத்தது. நான்கு. சிலவற்றில் ஆறு, ஒன்பது, பதினொன்று.

நிமிடத்துக்கு நான்கு மூச்சு விடுகிற குழந்தை உலகத்தில் கிடையாது. அப்படியானால் தரவு கெட்டுப்போயிருக்கிறது. அந்த முடிவில் ஒரு நிம்மதி இருந்தது. கெட்டுப்போன தரவை அவளுக்குத் தெரியும்: வட்டு தேய்ந்தால் வரும், மின்சாரம் தடுக்கி விழுந்தால் வரும், பாதி எழுதியதும் பாதி எழுதாததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு மருந்து உண்டு. முழுப் பரிசோதனையை ஓடவிட்டாள். ஒவ்வொரு பக்கத்தையும் எழுதும்போதே அதன் கூட்டுத்தொகையும் ஓரத்தில் எழுதப்படும். இப்போது மறுபடி கூட்டிப் பார்த்து, பொருந்தாத பக்கத்தை அது காட்டிக் கொடுத்துவிடும். நாற்பது நிமிடம் ஆகும் என்றது திரை.

நாற்பது நிமிடம் சும்மா உட்கார அவளால் முடியவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மூடினாள். செருப்பைக் கழற்றி மாட்டினாள். கடைசியில் சர்வர் அறைக்குப் போனாள்.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, அதற்கு அடியில், இந்த அறையில் இதுவரை அவள் முகர்ந்திராத இன்னொன்று: மூடிக்கிடந்த அறையில் ஆள் தூங்கி எழுந்ததுபோல, போர்வைக்குள்ளிருந்து வரும் வெதுவெதுப்பான, சற்றே புளித்த வாடை. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே குனிந்து பார்த்தாள். கேபிள்கள். தூசி. வட்டுகளின் பச்சை விளக்குகள் படபடவென்று மினுக்கிக்கொண்டிருந்தன, பரிசோதனை ஓடுவதால். பதினாறு வட்டுகள், பதினாறு விளக்குகள், ஒவ்வொன்றும் தன் போக்கில் துடிக்க, பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு அதில் ஓர் இடைவெளி இருப்பதாகப் பட்டது. எல்லாம் ஒரு கணம் அணைந்தன. எல்லாம் சேர்ந்து ஒரு தடவை எரிந்தன. மறுபடி படபடப்பு. பிறகு, நீண்ட நேரம் கழித்து, மறுபடி எல்லாம் அணைந்து, சேர்ந்து எரிந்தன. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினைந்து வினாடி.

மார்பு வலித்தபோதுதான், தானும் அந்த விளக்கோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. வாயைத் திறந்து காற்றை அள்ளி விழுங்கிக்கொண்டே வெளியே ஓடிவந்தாள்.

"என்னம்மா, முகம் வெளுத்துக் கெடக்கு" என்றாள் போனக்கா.

"உள்ள குளிர்க்கா."

இரண்டேகாலுக்குப் பரிசோதனை முடிந்தது. பார்த்த பக்கங்கள் பதினெட்டு லட்சம். கெட்டவை பூஜ்யம்.

அவள் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பக்கமாவது கெட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. வேறொரு கருவியால் மறுபடி சோதித்தாள். பூஜ்யம். நகல் சர்வரில் சோதித்தாள். பூஜ்யம். எழுதப்பட்ட ஒவ்வொரு எண்ணும், எழுதப்பட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. விரிப்பு எண்ணியதைத்தான் பெட்டி அனுப்பியது. பெட்டி அனுப்பியதைத்தான் சர்வர் எழுதியது.

அப்படியானால் விரிப்பு எதை எண்ணியது?

பழைய நகல்களைத் தேடிப் பின்னோக்கிப் போனாள். நேற்று நூற்று நாற்பது. முந்தாநாள் எழுபத்திரண்டு. அதற்கு முந்தின நாள் முப்பது. பதினொரு நாளைக்கு முன்னால் ஒன்றே ஒன்று. நானூற்று ஒன்பதாம் எண் பெட்டி.

அதன் எண்களை வரிசையாகத் திரையில் விரித்தாள். முதல் நாள், முதல் இணைப்பு முப்பத்து நான்கு, இரண்டாவது நான்கு. மறுநாள் முப்பத்தொன்று, ஏழு. அதன் மறுநாள் இருபத்தெட்டு, பத்து. ஒன்று இறங்க இறங்க மற்றது அதே அளவு ஏறிக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் பிற்பகல் இரண்டுமே ஒன்றாயின. பத்தொன்பதும் பத்தொன்பதும். அடுத்த நாள் மாலைக்குள், மேலே இருந்தது நான்கு. கீழே இருந்தது முப்பத்து நான்கு.

அன்று இரவே அந்த வீட்டில் பெட்டியைப் பிடுங்கிவிட்டார்கள்.

"அக்கா, நானூத்து ஒம்போது வீட்டம்மா ஞாபகமிருக்கா? திங்கக்கிழமை திருப்பிக் கொடுத்தாங்களே."

"அவங்களை மறக்க முடியுமா?" போனக்கா நாற்காலியைத் திருப்பினாள். "தெனம் ஒரு போன், அலாரம் அடிக்குதுன்னு. கடைசியில, எங்களுக்கு இது தேவையில்லைங்க, குழந்தை இப்ப அழுறதே இல்லை, சமத்தா இருக்குன்னு கொண்டாந்து வச்சிட்டாங்க. கைக்குழந்தை அழாம எப்படி இருக்கும்னு நானும் யோசிச்சேன். ஆனா பாரு, அந்தம்மா போகும்போது ஒண்ணு கேட்டாங்க. இந்த விரிப்பை எடுத்தப்புறமும் அழுற சத்தம் கேக்குமான்னு."

"அழுற சத்தமா?"

"தொட்டிலுக்குக் கீழ இருந்து வருதாம். குழந்தை மேல கண்ணைத் தெறந்துக்கிட்டு கம்முனு படுத்திருக்காம். பக்கத்து வீட்டு சத்தமா இருக்கும்மான்னு சொல்லி அனுப்பிவச்சேன். வேற என்ன சொல்ல?"

அந்தப் பெட்டி எதிர்ச்சுவரின் அலமாரியில்தான் இருந்தது. வயரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, திருப்பித் தந்த தேதி ஒட்டி. மின்சாரம் இல்லை. விரிப்பு சுருட்டிப் பக்கத்தில் சாய்ந்திருந்தது.

திரையில் அதன் முதல் இணைப்பு, பிடுங்கிய நிமிடத்தோடு நின்றிருந்தது. இரண்டாவது நிற்கவில்லை. அலமாரியில் கிடந்தபோதும் எழுதியிருந்தது. முப்பத்து நான்கு. ஐம்பத்திரண்டு. அறுபது. கைக்குழந்தை வீறிட்டு அழும்போது வரும் எண்கள் அவை. பார்த்துப் பார்த்துப் பழகியவை. அறுபது, ஐம்பத்தெட்டு, அறுபது, இரண்டு நாள். பிறகு நாற்பது. இருபத்திரண்டு. பதினொன்று. மூன்று.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குப் பிறகு எண்ணே இல்லை.

குப்பைக்கூடையை இழுத்து வைத்துக்கொண்டு சற்று நேரம் குனிந்திருந்தாள். பிறகு மற்றவற்றைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டாவது வீட்டுக்கு ஐந்து நாள் எடுத்திருக்கிறது. அடுத்ததற்கு மூன்று. நேற்று தொடங்கிய ஒரு வீட்டில் எட்டு மணி நேரம். இன்று காலை தொடங்கிய ஒன்றில் இரண்டு மணி நேரம்தான். பழகிக்கொள்கிறது. கை தேறிவிட்டது.

நூற்று எண்பத்தெட்டு வீடுகள். அந்த எண் அவள் மனதில் இடறியது. நூற்று எண்பத்தெட்டைத்தானே துண்டித்தேன். திரும்பி வந்தது நூற்று எண்பத்தொன்பது. கூட வந்த அந்த ஒன்று யார்?

ஒவ்வொன்றும் முதன்முதலில் வந்த நேரத்தை வைத்துப் பட்டியலை அடுக்கிக் கடைசி வரியைப் பார்த்தாள். ஒன்று இருபத்தாறு. பெட்டி எண் ஏழு.

முதல் பத்துப் பெட்டிகள் விற்பனைக்குப் போனவை அல்ல. சோதித்துப் பார்க்க ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனவை. ஏழாம் எண்ணைத் தன் கையாலேயே கொண்டுபோய், குறைமாதத்தில் பிறந்த தன் மகளின் மெத்தைக்கடியில் அவளே விரித்திருந்தாள். நாலு வருடமாக அங்கேதான் இருக்கிறது.

முதல் இணைப்பு: இருபத்து நான்கு. இரண்டாவது: பதினொன்று.

நிமிடம் மாறியது. இருபத்து மூன்று. பன்னிரண்டு.

போனை எடுத்து இரண்டு தடவை தப்பு எண் அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்துக்கொண்டே.

"சொல்லும்மா" என்றார் அவள் கணவர், தூக்கக் குரலில். பஸ் பணிமனையில் மெக்கானிக்; இன்று வாராந்திர ஓய்வு. "இப்பதான் கண்ணசந்தேன்."

"சுண்டு எங்கங்க?"

"தூங்குறா. மத்தியானம் மருந்து குடுத்தேன், மூக்கு அடைச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் இழுத்தா. இப்ப பரவாயில்லை."

"கிட்டப் போயி மூச்சு எண்ணுங்க. ஒரு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து."

"பெட்டி எண்ணுதே, அப்புறம் நான் எதுக்கு?"

"எண்ணுங்கன்னா எண்ணுங்க!"

கூடத்தின் கோடியில் போனக்கா எழுந்து நின்றாள். போனில் அவர் நடக்கும் சத்தம். கதவு. மின்விசிறியின் கடகடப்பு. பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. திரையில் எண்கள் மாறின. இருபது. பதினைந்து.

"இருபது" என்றார் அவர். "நல்லாத்தான் இருக்கா. ஏன்?"

"கட்டிலுக்கு அடியில பாருங்க."

"என்ன இருக்கப்போகுது?"

"பாருங்க."

"பஸ்ஸுக்கடியில படுத்தே பாதி ஆயுசு போச்சு, வீட்லயுமா..." முனகிக்கொண்டே குனிந்தார். முட்டி சொடுக்கியது. "பந்து ஒண்ணு. அவ செருப்பு ஒத்தை. கலர் பென்சில். வேற ஒண்ணுமில்லை. ஆனா இங்க கொஞ்சம் கதகதன்னு இருக்கு."

"பெட்டி பிளக்கைப் பிடுங்குங்க. அவளைத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்துடுங்க. உடனே."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் மேலே கேட்கவில்லை. திரையில் முதல் இணைப்பு அறுந்தது. அப்பாடா. ஒன்று போனது. இன்னொன்றும் போக வேண்டும். போ. போய்விடு.

பதினெட்டு.

"தூக்கிட்டேன். ஹால்ல சோபாவில உக்காந்திருக்கேன், மடியிலதான் இருக்கா. பிளக் என் கையில இருக்கு. என்னன்னு சொல்லு இப்பவாவது."

இருபத்திரண்டு.

"மூச்சு விடுறாளா?"

"விடுறா, விடுறா. அட, நல்லா தேறிட்டாளே. காலையிலேர்ந்து கொர் கொர்னு இழுத்துக்கிட்டிருந்தது. இப்ப சத்தமே இல்லை. நிதானமா ஆழமா விடுறா."

இருபத்தேழு.

"எண்ணுங்க."

"மறுபடியுமா?"

"எண்ணுங்க, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

அவர் எண்ணினார். அவளுக்குக் கேட்டது ஹால் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும். போனக்கா பக்கத்தில் வந்து அவள் தோளில் கை வைத்திருந்தாள். அந்தக் கையின் கனம்கூடத் தெரியவில்லை. திரை. முப்பது. மறுபடி திரை. முப்பத்தொன்று. ஜலதோஷம் பிடித்தால் சுண்டுவுக்கு எப்போதும் முப்பத்தொன்று.

"நாலு" என்றார் அவர்.

ஸ்கூட்டர் சாவியைத் தேடியது நினைவில்லை. படியில் இறங்கியது நினைவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரனின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் முறைத்தான். பச்சை. மேம்பாலம். திருப்பம். பின்னால் யாரோ ஹாரன் அடித்துத் திட்டினார்கள். பையில் போன் நிமிடத்துக்கு ஒரு தடவை அதிர்ந்தது. எண் வரும்போதெல்லாம் தன் போனுக்கும் வரும்படி கிளம்பும்போது எப்படியோ செய்துவிட்டு வந்திருந்தாள். எடுத்துப் பார்க்கவில்லை. அதிர்கிறது. அது போதும். அதிர்கிற வரைக்கும் சுண்டு இருக்கிறாள்.

கதவைத் திறந்தவர் சிரித்தார்.

"ஏன் இப்படி ஓடி வர்றே? அவளுக்கு ஜலதோஷமே போயிடுச்சு. தானா எந்திரிச்சு பால் கேட்டுக் குடிச்சா. மூக்கு கூடத் தொடைக்க விடலை, தேவையே இல்லைன்னுட்டா."

சாப்பாட்டு மேசையில் சுண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து. இரண்டு கையும் மேசைமேல். கால் ஆடவில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஆடும் கால்.

"அம்மா வந்தாச்சு" என்றாள். அதே குரல். அதே மழலை. ஒரு எழுத்து பிசகில்லை.

அவள் கிட்டப் போய்க் குழந்தையின் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. மூக்குக்குக் கீழே புறங்கையை நீட்டினாள். காற்று வரவில்லை. காத்திருந்தாள். குழந்தை அண்ணாந்து அவளையே பார்த்தது. கண் இமைக்கவில்லை. காத்திருந்தாள். கை மரத்தது. கடைசியில் வந்தது: நீளமாக, வெதுவெதுப்பாக, ஒரே ஒரு மூச்சு. மூடிக்கிடந்த போர்வையின் புளித்த வாடையோடு.

"எங்கம்மா போறே?" என்று கேட்டது குழந்தை.

அவள் படுக்கையறைக்கு நடந்தாள்.

"என்னதான் ஆச்சு உனக்கு?" என்றார் கணவர் பின்னாலிருந்து. "ஏய்."

அறையில் திரைச்சீலை இழுத்திருந்தது. மஞ்சள் வெளிச்சம். மின்விசிறி. தைல வாடை. கட்டில் காலருகே பிளக் இல்லாத பெட்டி. மின்விசிறியை நிறுத்தினாள். அது சுற்றி, தயங்கி, நின்றது.

அப்போது கேட்டது.

கொர். கொர். கொர். சின்ன மூக்கடைப்பு. வாயால் இழுக்கிற வேகமான மூச்சு. நடுவில் ஒரு விக்கல். அழுது ஓய்ந்த குழந்தைக்கு வருகிற விக்கல்.

தரையில் மண்டியிட்டாள். கன்னத்தைத் தரையில் வைத்தாள். பந்து. ஒற்றைச் செருப்பு. கலர் பென்சில். தூசி. அதற்கப்பால் சுவர். வேறு யாருமில்லை. தெளிவாகத் தெரிந்தது, யாருமில்லை.

கொர். கொர்.

"சுண்டு."

மூச்சு நின்றது. பையில் போன் அதிர்ந்தது.

"ம்மா" என்றது வெற்றிடம். மிகச் சின்னதாக. "இங்க இருட்டா இருக்கும்மா."

அவள் தோள் வரை கையை உள்ளே விட்டாள். சுவரைத் தொடும் தூரம்தான். சுவர் தட்டவில்லை. கதகதப்பு. மேலும் நீட்டினாள். தோள்பட்டை கட்டில் சட்டத்தில் அழுந்தி வலித்தது. இன்னும். இன்னும் கொஞ்சம்.

ஐந்து குட்டி விரல்கள் அவள் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டன. காய்ச்சலில் கொதிக்கும் விரல்கள்.

வாசலில் நிழல் விழுந்தது. அவள் தலையைத் திருப்பினாள். குழந்தை கதவருகே வந்து நின்றிருந்தது, கையில் பால் டம்ளரோடு, அவளையும் அவள் கை போன இடத்தையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு. அதன் மார்பு அசையவில்லை.

அவள் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு.

கட்டிலுக்கடியில் அந்த விரல்கள் மெல்ல அவளை உள்ளே இழுத்தன.